எம்.எஸ். நோயைக் கண்காணிக்க எம்.ஆர்.ஐ.யா, விழித்திரை ஸ்கேனா?

மூளையையும் தண்டுவடத்தையும் பார்வை நரம்பையும் தாக்கும் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் (எம்.எஸ்.) என்று உறுதியாகி மருந்தும் தொடங்கிய பிறகு, அந்த மருந்து நோயை உண்மையிலேயே கட்டுக்குள் வைத்திருக்கிறதா என்பதை எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்வி நோயாளிக்கும் நரம்பியல் மருத்துவருக்கும் ஆண்டுதோறும் எழுகிறது. நெடுங்காலம் இதற்கு மருத்துவரின் நேரடிப் பரிசோதனையும் எம்.ஆர்.ஐ.யும் மட்டுமே விடையாக இருந்தன. இன்று ஓ.சி.டி. எனப்படும் விழித்திரை ஸ்கேன், கண்ணுக்குக் காட்டும் தூண்டலுக்கு மூளை தரும் மறுமொழியைப் பதியும் வி.இ.பி., இரத்தத்தில் நரம்பிழைப் புரதத்தை அளக்கும் சோதனை ஆகியவையும் சேர்ந்திருக்கின்றன. எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள் என்று சொல்வது எளிது. கையிலிருந்து பணம் கட்டும் குடும்பத்துக்கு அது அறிவுரை ஆகாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோய் தொடங்கி சில ஆண்டுகளே ஆனவர்கள் எம்.ஆர்.ஐ.யைக் கைவிடாமல், அதனுடன் ஆண்டுக்கு ஒரு ஓ.சி.டி.யைச் சேர்த்துக்கொள்வது பயனுள்ளது. நெடுங்காலமாக நோயுடன் வாழ்ந்து, பார்வை நரம்பு ஏற்கெனவே மெலிந்துவிட்டவர்களுக்கு அந்தச் செலவு பெரும்பாலும் வீண். இந்த இரு நிலைகளுக்கும் இடையே உள்ளவர்கள், இரண்டு ஸ்கேன்களும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்பவை என்பதை மனத்தில் வைத்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

கண் எதற்கு?

விழித்திரையைப் பார்த்து எம்.எஸ். நோயை அறியலாம் என்ற எண்ணம் ஓ.சி.டி. கருவிக்கு முந்தையது. 1974-இல் லார்ஸ் ஃபிரிசேனும் வில்லியம் ஹாய்ட்டும் எம்.எஸ். நோயாளிகளின் விழித்திரையில் நரம்பிழைகள் ஓசையின்றித் தேய்ந்துபோவதைக் கண்டு எழுதினார்கள். அவர்களிடம் இருந்தது கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கருவிதான்; தேய்மானத்தைப் பார்க்க முடிந்ததே தவிர எண்ணாகச் சொல்ல முடியவில்லை. 1991-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஹுவாங், ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ முதலியோர் ஓ.சி.டி. முறையை வெளியிட்டார்கள். அல்ட்ராசவுண்டு ஒலியின் எதிரொலியைக் கொண்டு செய்வதை இது அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு செய்கிறது. விழித்திரையின் ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் திரும்பும் ஒளியை ஒப்பிட்டு, அடுக்குகளின் தடிப்பை மைக்ரான் கணக்கில் தருகிறது. 1999-இல் இத்தாலிய மருத்துவர்கள் இதை எம்.எஸ். நோயாளிகளிடம் பயன்படுத்தி, நரம்பிழை அடுக்கு மெலிந்திருப்பதை அளந்து காட்டினார்கள்.

இந்த அளவு ஏன் முக்கியம் என்பதற்கு உடற்கூறு விடை தருகிறது. விழித்திரை கருவளர்ச்சியின்போது மூளையிலிருந்தே புடைத்து உருவாவது. அதன் உட்பக்கத்தில் இருக்கும் கேங்லியான் செல்களின் இழைகள் விழித்திரையின் மேல் பரவி ஓடி, பார்வை நரம்பு தொடங்கும் வட்டில் ஒன்றுசேர்ந்து, ஏறத்தாழ 10 முதல் 12 லட்சம் இழைகளைக் கொண்ட பார்வை நரம்பாக மூளையை நோக்கிச் செல்கின்றன. எம்.எஸ். நோய் முதன்மையாகத் தாக்குவது நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மையலின் உறையை. ஆனால் இந்த இழைகளுக்குக் கண்ணுக்குள் மையலின் உறை கிடையாது, கண்ணை விட்டு வெளியேறிய பிறகே அது தொடங்குகிறது. ஆகவே விழித்திரையில் இந்த அடுக்கு மெலிந்தால், உறை கழன்றதா, நீர் வற்றியதா, இழையே அழிந்ததா என்று குழம்ப வேண்டியதில்லை. வேறு கண்நோய் இல்லாதவரிடம் அது இழை அழிவையே குறிக்கிறது. மூளையின் எம்.ஆர்.ஐ.யில் இவ்வளவு தெளிவு கிடைப்பதில்லை. மருந்து தொடங்கிய முதல் மாதங்களில் வீக்கம் வடிவதாலேயே மூளையின் கனஅளவு குறைந்து, நோய் முற்றுவதுபோல் போலித் தோற்றம் தரும் என்பது நரம்பியல் மருத்துவர்கள் நன்கு அறிந்த சிக்கல்.

பார்வை நரம்பும் இந்த நோயில் ஓர் ஓரத்து உறுப்பு அல்ல. எம்.எஸ். உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நோயின் முதல் அறிகுறியே பார்வை நரம்பு அழற்சிதான். வாழ்நாளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது வருகிறது. இறந்தவர்களின் உடலை ஆராய்ந்தபோது, கண் தொல்லை இருந்ததோ இல்லையோ, மிகப் பெரும்பாலோரின் பார்வை நரம்பில் நோயின் தழும்பு காணப்பட்டது. 2010-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, அழற்சி வந்துபோன கண்ணில் நரம்பிழை அடுக்கு நலமானவர்களைவிட ஏறத்தாழ 20 மைக்ரான் மெலிந்திருக்கிறது. அழற்சியே வராத கண்ணிலும் ஏறத்தாழ 7 மைக்ரான் மெலிந்திருக்கிறது. கண்காணிப்புக்கு முக்கியமானது இந்த இரண்டாவது எண். தாக்குதல் எதுவும் வெளித்தெரியாத கண்ணிலும் இழப்பு நடந்துகொண்டிருக்கிறது என்று அது சொல்கிறது.

எம்.ஆர்.ஐ. சொல்வதும் சொல்லாததும்

எம்.ஆர்.ஐ.யின் வலிமை புதிய தழும்புகளைக் காட்டுவதில் இருக்கிறது. நோயாளி உணரும் ஒவ்வொரு தாக்குதலுக்கும் எம்.ஆர்.ஐ.யில் பல மடங்கு புதிய தழும்புகள் தோன்றுகின்றன. அறிகுறியின்றி நடக்கும் இந்த அழற்சியைக் காண்பதில் வேறெந்தச் சோதனையும் அதற்கு ஈடாகாது. மருந்து தொடங்கி 3 முதல் 6 மாதத்துக்குள் ஓர் அடிப்படை எம்.ஆர்.ஐ. எடுத்து, பிறகு ஆண்டுக்கொரு முறை அதனுடன் ஒப்பிடுவதே இன்று பரவலாகப் பின்பற்றப்படும் முறை. 2021-இல் ஐரோப்பிய, வட அமெரிக்க வல்லுநர் குழுக்கள் கூடி வெளியிட்ட பரிந்துரை, வழக்கமான கண்காணிப்பு ஸ்கேனுக்கு, படத்தைத் துலக்கமாக்கப் போடும் கடோலினியம் ('கான்ட்ராஸ்ட்') ஊசி தேவையில்லை என்றும் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஸ்கேன் நிலையங்கள் பழக்கத்தால் 'கான்ட்ராஸ்ட்' போட்டே எடுக்கும் வழக்கம் இன்னும் இருப்பதால், ஆண்டு ஸ்கேனுக்குச் செல்லும்போது ஊசி உண்மையிலேயே தேவையா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது செலவையும் குறைக்கும், தேவையற்ற மருந்தையும் தவிர்க்கும்.

எம்.ஆர்.ஐ.யை எந்த நிலையிலும் விட முடியாத காரணம் இன்னொன்றும் உண்டு. நடலிசுமாப் மருந்து எடுப்பவர்களில் ஜே.சி. வைரஸ் எதிர்ப்புப்பொருள் மிகுதியாக உள்ளவர்களுக்கு பி.எம்.எல். என்ற ஆபத்தான மூளைத் தொற்று வரக்கூடும். அறிகுறி தெரியும் முன்பே அதைப் பிடிக்க 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை மூளை ஸ்கேன் வேண்டும். ஓ.சி.டி.யால் இதில் ஒரு பயனும் இல்லை. தண்டுவடத்தில் வரும் தழும்பும் அப்படியே: கை கால் வலுவையும் சிறுநீர்க் கட்டுப்பாட்டையும் பெரிதும் தீர்மானிக்கும் அந்தப் பகுதியைப் பற்றி விழித்திரை நேரடியாக எதுவும் சொல்லாது.

எம்.ஆர்.ஐ.யின் பலவீனம் இன்னொரு பக்கம் இருக்கிறது. புதிய தழும்பு ஒன்றும் இல்லை, தாக்குதலும் இல்லை, ஆனால் நோயாளியின் நடை மெல்லத் தளர்கிறது என்ற நிலையை இன்று பலரிடம் காண்கிறோம். தாக்குதலைச் சாராத இந்த நலிவு நோயின் பிற்காலத்துக்கு மட்டும் உரியதல்ல, தொடக்க ஆண்டுகளிலேயே நடக்கிறது என்பது கடந்த சில ஆண்டுகளின் ஆய்வுகளில் உறுதிப்பட்டிருக்கிறது. இதை எம்.ஆர்.ஐ.யில் காண வேண்டுமானால் மூளையின் கனஅளவை ஆண்டுக்கு ஆண்டு அளந்து ஒப்பிட வேண்டும். அதற்குத் தனி மென்பொருளும், ஒரே கருவியில் ஒரே முறையில் எடுத்த படங்களும் தேவை. அன்று குடித்த தண்ணீரின் அளவுகூட அந்த எண்ணை அசைத்துவிடும். வழக்கமான எம்.ஆர்.ஐ. அறிக்கையில் இந்த எண் பெரும்பாலும் வருவதில்லை.

ஓ.சி.டி. இந்த இடைவெளியை நிரப்புகிறது. கேங்லியான் செல்கள் அமைந்த அடுக்கு (கேங்லியான் அடுக்கு) மெலியும் வேகமும் மூளை சுருங்கும் வேகமும் ஒன்றையொன்று ஒட்டிச் செல்கின்றன என்று 2015-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழுவினர் நான்கு ஆண்டுத் தொடர் கண்காணிப்பிலிருந்து காட்டினார்கள். 2016-இல் பல நாட்டு மையங்களின் தரவுகளைக் கொண்டு வெளியான ஓர் ஆய்வு இன்னும் நடைமுறைக்கு நெருக்கமானது: நரம்பிழை அடுக்கு ஏறத்தாழ 88 மைக்ரானோ அதற்குக் குறைவோ இருந்தவர்களுக்கு, முதல் மூன்று ஆண்டுகளில் உடல் இயலாமை கூடும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரு மடங்காகவும், மூன்று முதல் ஐந்தாம் ஆண்டுக்குள் ஏறத்தாழ நான்கு மடங்காகவும் இருந்தது. அழற்சி வராத கண்களிலிருந்து எடுத்த அளவு அது என்பதைக் கவனிக்க வேண்டும். அழற்சி வந்து மெலிந்த கண்ணை வைத்து இந்த வரம்பைப் பொருத்திப் பார்த்து அஞ்சுவோர் உண்டு. அந்தப் பயத்துக்கு அந்த ஆய்வில் ஆதாரம் இல்லை.

அரை மைக்ரானின் கணக்கு

விழித்திரை ஸ்கேனைப் பரிந்துரைக்கும் கட்டுரைகள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. உண்மையான சிக்கல் இதற்குப் பிறகுதான் வருகிறது. எம்.எஸ். உள்ளவரின் கேங்லியான் அடுக்கு சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ அரை மைக்ரான் அளவில் மெலிகிறது. நலமானவரிடம் வயதால் நேரும் தேய்மானம் இதில் பாதிக்கும் குறைவு. ஒரு சிவப்பணுவின் விட்டமே 7 மைக்ரானுக்கு மேல். நல்ல கருவியில், பழகிய கையால், ஒரே நாளில் ஒரே கண்ணை இரண்டு முறை எடுத்தாலும் இந்த அடுக்கின் சராசரி அளவு ஒரு மைக்ரான் வரை மாறக்கூடும். அதாவது ஓராண்டில் நிகழும் இழப்பு, கருவியின் தன் ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே மறைந்துவிடுகிறது.

ஆகவே போன ஆண்டு 78, இந்த ஆண்டு 77 என்று இரண்டு தாள்களை அருகருகே வைத்து நோய் முற்றிவிட்டது என்று முடிவு கட்டுவது தவறு. 78 அப்படியே இருக்கிறது, மருந்து வேலை செய்கிறது என்று நிம்மதி அடைவதும் அதே அளவு தவறு. ஆஸ்திரிய ஆய்வுக்குழு ஒன்று, கேங்லியான் அடுக்கில் ஆண்டுக்கு 1 மைக்ரானுக்குக் குறையாத இழப்பையும், நரம்பிழை அடுக்கில் 1.5 மைக்ரானுக்கு மேற்பட்ட இழப்பையும் கவலைக்குரிய வரம்பாக முன்வைத்திருக்கிறது. இந்த வேகத்தை நம்பிக்கையுடன் கணக்கிட எனக்குத் தெரிந்தவரை குறைந்தது இரண்டு ஆண்டு இடைவெளியும் மூன்று ஸ்கேன்களும் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓ.சி.டி. எடுக்கச் சொல்லும் அறிவுரைக்கு, அழற்சி வந்துபோன கண்ணைப் பின்தொடர்வது போன்ற தனிக் காரணம் இல்லாவிட்டால், இந்தக் கணக்கில் இடமில்லை.

இரண்டு அடுக்குகளில் எதை நம்புவது என்பதிலும் தெளிவு வேண்டும். நரம்பு வட்டைச் சுற்றி அளக்கும் நரம்பிழை அடுக்கு (ஆர்.என்.எஃப்.எல்.) பழைய அளவு, பழகிய அளவு. பெரும்பாலான கண் மருத்துவமனைகள் முதலில் தருவதும் அதுதான். ஆனால் பார்வை நரம்பில் அழற்சி வந்த முதல் வாரங்களில் அது வீங்கித் தடித்துக் காட்டும். வீக்கம் வடிந்து உண்மையான இழப்பு தெரிய 3 முதல் 6 மாதம் ஆகும். விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலாவில் அளக்கும் கேங்லியான் அடுக்கு அப்படி வீங்குவதில்லை, சில வாரங்களிலேயே மெலிவைக் காட்டத் தொடங்கிவிடுகிறது. மறு அளவீட்டிலும் அதுவே நிலையானது. எம்.எஸ். கண்காணிப்புக்கு ஒரே ஓர் எண்ணைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அதையே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு அடுக்குகளுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. கடுமையான அழற்சி வந்துபோன கண்ணிலும் நெடுநாள் நோயிலும் இந்த அடுக்குகள் ஒரு கட்டத்துக்குக் கீழே மெலிவதில்லை. இழைகள் போன பின்பும் இரத்தக் குழாய்களும் தாங்கு திசுவும் எஞ்சி நிற்பதால் அளவு அங்கேயே நின்றுவிடும். நோய் அடங்கிவிட்டதாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அளப்பதற்கு இழை மிச்சமில்லை என்பதே அதன் பொருள். நோய் முற்றியவர்களுக்கு ஆண்டு ஓ.சி.டி. வீண் என்று மேலே சொன்னதற்கு இதுவே காரணம்.

ஸ்கேன் அறையில்

எம்.ஆர்.ஐ.க்கு முக்கால் மணி நேரம் குழாய்க்குள் அசையாமல் படுக்க வேண்டும். அதன் இரைச்சலும் நெருக்கமும் சிலரால் தாங்க முடிவதில்லை; பேஸ்மேக்கர் போன்ற கருவி பொருத்தியவர்களுக்குத் தனி ஏற்பாடு தேவை. ஓ.சி.டி. அறையில் நடப்பது வேறு. தாடையைத் தாங்கியில் வைத்து நெற்றியைப் பட்டையில் ஒட்டி அமர்ந்தால், "அம்மா, நெற்றியை எடுக்காதீங்க, உள்ளே தெரியற குறியையே பாருங்க, நான் சொல்றப்ப மட்டும் சிமிட்டுங்க" என்று சொல்லிக்கொண்டே ஆப்டோமெட்ரிஸ்ட் ஒரு கண்ணுக்குச் சில நிமிடங்களில் முடித்துவிடுவார். கண்மணியை விரிக்கும் சொட்டுமருந்து பெரும்பாலும் தேவைப்படாது. கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை. கர்ப்ப காலத்திலும் தடையில்லை.

கிடைக்கும் தாளைப் படிப்பதில் நோயாளிகள் ஏமாறும் இடம் அதன் நிறங்கள். பச்சை என்றால் அதே வயதுடைய நலமானவர்களின் வழக்கமான எல்லைக்குள், மஞ்சள் என்றால் அடிமட்ட 5 விழுக்காட்டுக்குள், சிவப்பு என்றால் அடிமட்ட 1 விழுக்காட்டுக்குள் என்று பொருள். நோய் தொடங்கியபோது நரம்பிழை அடுக்கு 105 மைக்ரான் இருந்தவர் 92-க்கு இறங்கினாலும் தாள் பச்சையாகவே இருக்கும். பிறவியிலேயே 80 உள்ளவருக்கு, ஒரு மைக்ரானும் இழக்காமலே, மஞ்சள் விழலாம். கருவிக்குள் இருக்கும் ஒப்பீட்டுத் தரவில் நம்மூர்க் கண்கள் எத்தனை என்ற கேள்வியும் இதில் உண்டு. கண்காணிப்பில் நிறத்தைப் பார்க்காமல், சராசரி என்று அச்சிட்டிருக்கும் எண்ணையும், அதன் அருகில் இருக்கும் ஸ்கேன் தர எண்ணையும் பார்க்க வேண்டும். ஜைஸ் நிறுவனத்தின் சிர்ரஸ் கருவியில் அந்தத் தரம் 10-க்கு 6-க்குக் கீழே போனால் அந்தத் தாள் ஒப்பீட்டுக்கு உதவாது. கண் காய்ந்திருந்தாலோ, புரை தொடங்கியிருந்தாலோ, நடுவில் சிமிட்டினாலோ தரம் விழுந்து, அடுக்கு உண்மையைவிட மெலிந்ததாகத் தெரியும்.

கருவியை மாற்றுவது இதைவிடப் பெரிய பிழை. சிர்ரஸில் வரும் எண்ணும் ஹைடல்பர்க் நிறுவனத்தின் ஸ்பெக்ட்ராலிஸில் வரும் எண்ணும் ஒன்றல்ல. அடுக்கின் எல்லையை இரண்டும் வெவ்வேறாக வகுக்கின்றன, வேறுபாடு பல மைக்ரான் வரை போகும். ஆண்டுக்கு அரை மைக்ரானைத் தேடுகிறவர் முதலாண்டு ஒரு மருத்துவமனையிலும் அடுத்த ஆண்டு வேறு கருவியுள்ள இன்னொன்றிலும் எடுத்தால் இரண்டு செலவும் போனது போனதுதான். அருகில் இருக்கும், அடுத்த பத்தாண்டும் போய்வரக்கூடிய ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, முந்தைய ஸ்கேன் எடுத்த அதே இடத்தில் மறுபடி எடுக்கும் 'ஃபாலோ-அப்' முறையில் எடுக்கச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் ஓ.சி.டி. கருவி அரிதன்று, நீரிழிவால் வரும் விழித்திரைக் கோளாற்றுக்காகவும் கண் அழுத்த நோய்க்காகவும் மாவட்டத் தலைநகரங்கள் வரை அது பரவியிருக்கிறது. செலவும் எம்.ஆர்.ஐ.க்கு ஆவதில் ஒரு சிறு பகுதியே. அதனாலேயே ஒரு சிக்கலும் வருகிறது. நீரிழிவுக்காக வந்தவருக்கு எடுப்பதுபோல் மாகுலாவை மட்டும் எடுத்து, நீர் கோத்திருக்கிறதா என்று பார்த்து, 'நார்மல்' என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். நரம்பியல் மருத்துவரின் சீட்டில் ஆர்.என்.எஃப்.எல்., கேங்லியான் அடுக்கு ஆகிய இரண்டின் பெயரும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குவது நல்லது. நீரிழிவு, கண் அழுத்த நோய், 6 டயாப்டருக்கு மேற்பட்ட கிட்டப்பார்வை ஆகியவற்றில் எது இருந்தாலும் இந்த அடுக்குகள் எம்.எஸ். இல்லாமலே மெலியவோ அளவு பிறழவோ செய்யும். நடுத்தர வயதில் நீரிழிவு இவ்வளவு பரவியிருக்கும் நம் ஊரில் இது சிறு விதிவிலக்கு அல்ல.

வரிசையில் உள்ள மற்றவை

வி.இ.பி. பழைய சோதனை. கட்டம் போட்ட திரையைப் பார்க்கும்போது மூளையின் பின்பகுதியில் ஏறத்தாழ 100 மில்லிசெகண்டில் எழ வேண்டிய அலை எவ்வளவு தாமதமாகிறது என்று அளக்கிறது. தாமதம் மையலின் உறையின் பழுதைக் காட்டும், ஓ.சி.டி. இழையின் இழப்பைக் காட்டும். ஆகவே உறையை மீட்கும் மருந்துகளின் ஆய்வில் வி.இ.பி.க்குத் தனி இடம் உண்டு. ஆண்டுக் கண்காணிப்புக்கு அது அவ்வளவு பொருந்துவதில்லை: ஒருமுறை தாமதமானது பெரும்பாலும் அப்படியே நின்றுவிடுகிறது.

இரத்தத்தில் என்.எஃப்.எல். எனப்படும் நரம்பிழைப் புரதத்தை அளக்கும் சோதனை, நரம்பிழை அண்மையில் சிதைந்திருக்கிறதா என்று சொல்லும். புதிய தாக்குதலில் ஏறி, சில மாதங்களில் இறங்கும். அதாவது அது எம்.ஆர்.ஐ.யின் கேள்விக்குத் துணைபுரிவது, ஓ.சி.டி.யின் கேள்விக்கு அன்று. வயது, உடல் எடை, சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றைப் பொறுத்து அளவு மாறும். நம் ஊரில் வழக்கமான பரிசோதனைக் கூடங்களில் அது இன்னும் எளிதாகக் கிடைப்பதில்லை என்பதால் இப்போதைக்கு முடிவெடுக்கும் பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டியதில்லை.

யாருக்கு எது

நோய் அண்மையில் தெரியவந்து, கண் அழற்சியும் வந்திராத, நீரிழிவோ கண் அழுத்த நோயோ இல்லாத ஓர் இளம்பெண்ணை எடுத்துக்கொள்வோம். எம்.எஸ். பெண்களிடமே மிகுதி. ஓ.சி.டி.யால் மிகுந்த பயன் பெறக்கூடியவர் இவரே: இழக்க நிறைய இருக்கிறது, கருவியின் அளவைக் கெடுக்க வேறு நோய் இல்லை. பிள்ளைப்பேற்றைத் திட்டமிடுகிறவர் என்றால், கர்ப்ப காலத்தில் கடோலினியம் ஊசியைத் தவிர்க்க வேண்டியிருக்கும். பல மருந்துகளையும் நிறுத்த நேரலாம். அந்த இடைவெளிக்கு முன்னும் பின்னும் மாறாத அளவுகோலாக இருக்கக்கூடியது விழித்திரை ஸ்கேன்.

ஃபிங்கோலிமோட் மாத்திரை எடுப்பவர்களுக்குக் கண் பரிசோதனை விருப்பத் தேர்வு அல்ல. இந்த மருந்தால் சிலருக்கு, ஏறத்தாழ ஆயிரத்தில் ஐந்து பேருக்கு, மாகுலாவில் நீர் கோக்கும். பெரும்பாலும் முதல் 3, 4 மாதங்களில் வரும். ஆகவே மருந்து தொடங்கும் முன்பும் 3 முதல் 4 மாதத்திலும் கண் பரிசோதனை வேண்டும். நீரிழிவு உள்ளவருக்கு இந்த ஆபத்து கூடுதல் என்பதால் கண்காணிப்பும் கூடுதலாக வேண்டும். எப்படியும் கண் மருத்துவரிடம் போகப்போகிறவர் அதே அமர்வில் ஓ.சி.டி.யில் கேங்லியான் அடுக்கையும் அளந்து வைத்துக்கொள்வதில் கூடுதல் சிரமம் எதுவும் இல்லை.

நோய் இன்னும் உறுதியாகாதவர்களின் நிலை வேறு. எம்.எஸ். நோயை உறுதிசெய்யப் பயன்படும், 2024-இல் திருத்தப்பட்டு 2025-இல் வெளியான மெக்டொனால்டு வரையறை, பார்வை நரம்பை நோய் தாக்கும் ஐந்தாவது இடமாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. இரு கண்களுக்கும் இடையே நரம்பிழை அடுக்கில் 6 மைக்ரானோ, கேங்லியான் அடுக்கில் 4 மைக்ரானோ வேறுபாடு இருந்து, அதற்கு வேறு காரணம் இல்லையென்றால், ஒரு பக்கப் பார்வை நரம்பு பாதிக்கப்பட்டதற்கு அதைச் சான்றாகக் கொள்ளலாம். இங்கே ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. இடக்கண்ணும் வலக்கண்ணும் ஒன்றுக்கொன்று அளவுகோலாகின்றன. அரை மைக்ரானைத் தேடும் தொல்லை இல்லாத இந்தப் பயன்பாடே ஓ.சி.டி.யின் மிக உறுதியான பயன்பாடு என்று எனக்குத் தோன்றுகிறது.

எம்.எஸ். போலவே பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும், ஆனால் வேறான என்.எம்.ஓ. வகை நோய் உள்ளவர்கள் இந்த ஒப்பீட்டைத் தங்களுக்குப் பொருத்திக்கொள்ளக் கூடாது. இந்தியாவில் எம்.எஸ். நோயுடன் ஒப்பிட அது அவ்வளவு அரிதல்ல: மங்களூருவில் நடந்து 2014-இல் வெளியான கணக்கெடுப்பில் எம்.எஸ். லட்சத்துக்கு ஏறத்தாழ 8 பேருக்கும் என்.எம்.ஓ. 2.6 பேருக்கும் இருந்தது. அந்த நோய் ஒவ்வொரு தாக்குதலிலும் பெரும் இழப்பை உண்டாக்கும், தாக்குதல்களுக்கு இடையே பெரும்பாலும் மெல்லத் தேய்வதில்லை. அங்கே ஆண்டுச் சரிவைக் கணக்கிடுவதைவிட அடுத்த தாக்குதலைத் தடுக்கும் மருந்தை ஒருநாளும் விடாமல் எடுப்பதே பெரிது. மாறாக, எம்.எஸ். என்று சொல்லப்பட்டவருக்கு ஒரே அழற்சியில் நரம்பிழை அடுக்கு மிகக் கடுமையாகச் சரிந்தால், நோயின் பெயரையே மறுபடி பரிசோதித்து, எம்.எஸ். அல்லாத இத்தகைய நோய்களைக் காட்டிக்கொடுக்கும் அக்வாபோரின்-4, எம்.ஓ.ஜி. எதிர்ப்புப்பொருள்களைப் பார்க்கச் சொல்லும் எச்சரிக்கையாக ஓ.சி.டி. பயன்படுகிறது.

இரண்டு ஸ்கேன்களும் ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வது என்பதைத்தான் நோயாளிகள் மிகுதியாகக் கேட்கிறார்கள். எம்.ஆர்.ஐ.யில் புதிய தழும்பு வந்து, ஓ.சி.டி. அசையாமல் இருந்தால், எம்.ஆர்.ஐ. சொல்வதையே பின்பற்ற வேண்டும். விழித்திரை நன்றாக இருக்கிறது என்று மருந்தை மாற்றாமல் தள்ளிப்போடுவது ஆபத்து. எம்.ஆர்.ஐ. அமைதியாக இருந்து, ஓ.சி.டி. மூன்று ஸ்கேன்களில் ஆண்டுக்கு ஒரு மைக்ரானுக்கு மேல் சரிவைக் காட்டினால், முதலில் ஸ்கேன் தரத்தைச் சரிபார்த்து, கண் அழுத்தத்தை அளந்து, சர்க்கரையைப் பார்த்து, ஆறு மாதம் கழித்து அதே கருவியில் மறுபடி எடுக்க வேண்டும். அப்போதும் சரிவு தொடர்ந்தால், வழக்கமாக விட்டுவிடும் தண்டுவட எம்.ஆர்.ஐ.யையும் சேர்த்து எடுத்து, நடையின் வேகத்தையும் கையின் நுண்வேலையையும் மருத்துவர் அளந்து பார்த்த பிறகே வலுவான மருந்துக்கு மாறுவது பற்றிப் பேச வேண்டும். ஊசி வழி இன்டர்ஃபெரான், கிளாட்டிராமர் எடுத்தவர்களைவிட நடலிசுமாப் எடுத்தவர்களிடம் கேங்லியான் அடுக்கு மெலிவது குறைவாக இருந்ததை ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் ஓ.சி.டி. எண்ணை மட்டும் நம்பி மருந்தை மாற்றியவர்கள் பின்னாளில் நலமாக இருந்தார்கள் என்று காட்டிய ஆய்வு எதையும் நான் கண்டதில்லை. அந்தப் பேச்சின்போது நோயாளி மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஓ.சி.டி. தவிர வேறு எந்தச் சான்று இந்த மாற்றத்தை ஆதரிக்கிறது என்பதே.